வேலூர்ப் புரட்சி 1806: முதன்மை ஆதாரங்களை இணையத்தில் எப்படித் தேடுவது?

காட்பாடி மாணவி

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் எழுந்த வேலூர்ப் புரட்சியை எடுத்திருக்கிறேன். முதல் அத்தியாயத்தைப் படித்த கைடு மேடம், "இதில் இருப்பதெல்லாம் பிறகு வந்தவர்கள் எழுதியது. அந்தக் காலத்துத் தாள் ஒன்றையாவது நீ பார்த்தாயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கூகுளில் தேடினால் ஒரே கட்டுரைதான் பத்து இடத்தில் வருகிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அடிக்கடி போக வீட்டுச் சூழல் இடம் தராது. கைபேசியும் கல்லூரி கம்ப்யூட்டர் லேபும்தான் என்னிடம் இருப்பவை. பணம் கட்டாமல் பார்க்கக்கூடிய ஆவணத் தளங்கள் எவை, அவற்றில் எப்படித் தேடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி

பழைய நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ், அரசு ஆவணங்களுக்கு அபிலேக் படல், ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர், அப்புறம் கூகுள் புக்ஸ். இந்த நான்கிலும் வேலூர் மியூட்டினி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், போதும்.

குடியாத்தம் வாத்தியார்

தம்பி சொன்ன தளங்கள் எல்லாம் நல்ல தளங்கள். ஆனால் அம்மா, தளத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1806இல் வேலூரில் நடந்ததை எழுதி வைக்க வேண்டிய அவசியம் யார் யாருக்கு இருந்தது? அந்தப் பட்டியலை முதலில் போடுங்கள். முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைச் செய்யாமல் தேடுபெட்டியில் அடிப்பதால்தான் ஒரே கட்டுரை திரும்பத் திரும்ப வருகிறது.

சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்க், படைத்தலைவர் ஜான் கிரடாக். இரண்டு பேரையும் 1807இல் பதவியிலிருந்து திரும்ப அழைத்துவிட்டார்கள். பதவி போன மனிதன் சும்மா இருப்பானா? தன் மேல் தப்பில்லை என்று காட்ட கம்பெனி இயக்குநர்களுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதுகிறார் பென்டிங்க். அது 1810இல் லண்டனில் புத்தகமாகவே அச்சாகி இருக்கிறது. ஆளுநராக இருந்தவரே எழுதியது. ஆனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது என்பதை வரிக்கு வரி ஞாபகம் வைத்துப் படிக்க வேண்டும். அவருடைய சொந்தக் கடிதங்கள் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கடிதங்களைப் பார்க்க முடியாவிட்டாலும் எந்தத் தேதியில் யாருக்கு என்ற விவரப் பட்டியல் கிடைத்தாலே பெரிய உதவி.

அப்புறம் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி, தன் மேலதிகாரிக்கு அறிக்கை எழுதியாக வேண்டும். கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட அதிகாரி மேரியட், கணக்கும் கடிதமும் எழுதியாக வேண்டும். விசாரணைக் குழு சாட்சியங்களைப் பதிவு செய்தாக வேண்டும். சென்னை அரசு லண்டனுக்கு எழுதியாக வேண்டும். ஒவ்வொரு தாளும் யாரோ ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது எங்கே போய்ச் சேர்ந்ததோ அங்கேதான் இன்று அதன் ஸ்கேனும் இருக்கும், பட்டியலும் இருக்கும்.

காட்பாடி மாணவி

ஐயா, இது வரைக்கும் யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். கோட்டையின் தளபதி ஃபேன்கோர்ட் அன்றே கொல்லப்பட்டுவிட்டார், அதனால் அவர் பெயரை அடித்துவிடலாமா?

நூலக அக்கா

அடிக்காதே மா! அவர் மனைவி உயிரோடு தப்பினார். அந்த இரவைப் பற்றி எழுதியும் வைத்தார். வேலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், 1806 பற்றிக் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன்.

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் ட்ரோவ் என்று ஒரு தளம் நடத்துகிறது. அந்த நாட்டுப் பழைய செய்தித்தாள்கள் எல்லாம் இலவசம். அதில் ஃபேன்கோர்ட் என்ற குடும்பப் பெயரையும் வேலூரையும் மட்டும் ஆங்கிலத்தில் அடித்து, ஆண்டு வரம்பை 1842 என்று வை. சிட்னி கெசட் என்ற பத்திரிகையின் 1842 ஜூன் 14 இதழில் வேலூர்ப் புரட்சி பற்றி தளபதியின் மனைவி எழுதிய விவரணை இருக்கிறது.

இப்போது தலைப்பை உன்னிப்பாகப் பார். "சர் ஜான்" ஃபேன்கோர்ட் என்று அச்சாகி இருக்கும். அவர் பெயர் செயின்ட் ஜான் ஃபேன்கோர்ட். ஆங்கிலத்தில் செயின்ட் என்பதன் சுருக்கம் எஸ்-டி, யாரோ படியெடுக்கும்போது அதை சர் என்று ஆக்கிவிட்டார்கள். ஜூலை 9 அன்று கொல்லப்பட்டார் என்றும் போட்டிருக்கிறது. புரட்சி தொடங்கியது 10ஆம் தேதி விடியற்காலை இரண்டு மணி வாக்கில். ஆகவே முழுப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடியிருந்தால் இந்தப் பக்கம் உன் கண்ணில் பட்டிருக்காது. குறைவான சொல், குறுகிய ஆண்டு வரம்பு. தேடலில் இதைப் பழகிக்கொள்.

ட்ரோவில் ஒரு பக்கம் ஸ்கேன் படமும் மறுபக்கம் கணினி படித்துக் கொடுத்த எழுத்துமாக இருக்கும். கணினி தப்பும் தவறுமாகத்தான் படித்திருக்கும். எழுத்தைப் பிரதி எடுத்து அப்படியே ஆய்வேட்டில் ஒட்டாதே, படத்தோடு ஒப்பிட்டுப் பிறகு எடு.

சத்துவாச்சாரி

ஒரு சந்தேகம். 1842இல் சிட்னியில் வந்த செய்தித்தாள் 1806க்கு எப்படி முதன்மை ஆதாரம் ஆகும்? முப்பத்தாறு வருடம் கழித்து வந்ததாயிற்றே?

குடியாத்தம் வாத்தியார்

நல்ல கேள்வி தம்பி, வாய்மொழித் தேர்வில் இதைத்தான் கேட்பார்கள். அந்த அம்மா அதை எழுதியது நிகழ்ச்சி முடிந்து இரண்டு வாரத்துக்குள். சிட்னியில் அச்சானதுதான் 1842. ஆகவே அடிக்குறிப்பில் இரண்டு தேதியும் வர வேண்டும். எழுதியதற்கும் அச்சானதற்கும் நடுவில் வேறு கை பட்டிருக்கிறது, அதற்கு அந்த "சர் ஜான்" ஒன்றே சாட்சி. அதையும் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

இன்னொன்று, எந்தக் கேள்விக்கு முதன்மை ஆதாரம் என்று பார்க்க வேண்டும். கோட்டைக்குள் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டில் அந்த இரவு எப்படிக் கழிந்தது என்றால், அதைவிட நேரடியான சான்று கிடைக்காது. சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள் என்று கேட்டால், அந்த அம்மா படைவீட்டுக்குள் இருந்தவர் அல்லர், அந்த இடத்தில் அவர் சொல் பலவீனம்.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. சிட்னிக்காரர்கள் ஏன் அதை 1842இல் எடுத்துப் போட்டார்கள்? அந்த வருடம் ஜனவரியில்தான் காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலப் படை அழிந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று சொல்ல வேண்டுமானால் அந்த இதழை முழுதாகப் புரட்ட வேண்டும், முன் வார இதழ்களையும் பார்க்க வேண்டும். தேடுபெட்டி உங்களுக்கு ஒரு பத்தியைத்தான் வெட்டிக் கொடுக்கும். பக்கத்தில் என்ன அச்சாகி இருக்கிறது என்று பார்ப்பது நம் வேலை.

காட்பாடி மாணவி

நூலக அக்கா, ட்ரோவில் கிடைத்துவிட்டது! லேபில் தோழிகள் எல்லாம் கூடி நின்று படித்தோம். இன்டர்நெட் ஆர்க்கைவில்தான் திணறுகிறேன். வேலூர் என்று போட்டால் பக்திப் பாடல் எல்லாம் வருகிறது.

நூலக அக்கா

அங்கே தேடுபெட்டிக்குக் கீழே இரண்டு வழி இருக்கும். ஒன்று நூலின் பெயர், ஆசிரியர் போன்ற விவரங்களில் மட்டும் தேடுவது. இன்னொன்று நூல்களுக்கு உள்ளே இருக்கும் எழுத்தில் தேடுவது. புத்தகத்தின் பெயர் தெரியும்போது முதல் வழி. தெரியாதபோது இரண்டாவது, அப்போது ஆண்டு வரம்பு கட்டாயம்.

எழுத்துக்கூட்டல்தான் பெரிய தலைவலி. வேலூரை ஒற்றை எல் போட்டும் எழுதியிருக்கிறார்கள், கடைசியில் இரட்டை ஓ போட்டும் எழுதியிருக்கிறார்கள். ஆம்பூருக்கும் அப்படியே. குடியாத்தம் பழைய ஆங்கிலத் தாள்களில் "கோரியாட்டம்" என்று இருக்கும், ஐயாவுக்குத் தெரியும். சிப்பாய் என்பதற்கும் பல எழுத்து. ஒரு பழைய புத்தகத்தில் ஊர்ப்பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்து, அதையே அடுத்த தேடலுக்கு எடுத்துக்கொள்.

மாவட்டமும் கவனிக்க வேண்டியது. நம்முடைய வட ஆற்காட்டின் தலைமையிடம் 1911 வரைக்கும் சித்தூர். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகுதான் கலெக்டர் அலுவலகம் வேலூருக்கு வந்தது. திருப்பத்தூர் அதற்கு முன் சேலம் மாவட்டம். ஆக 1890இல் திருப்பத்தூரில் நடந்ததை வட ஆற்காடு என்று தேடினால் ஒன்றும் வராது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆவணத் தளம் தாள் எழுதப்பட்ட காலத்து மாவட்டத்தின் பெயரில்தான் அடுக்கியிருக்கும்.

கல்வெட்டுப் பித்தன்

இழை 1806 பற்றியது என்று தெரியும், ஆனாலும் ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் பிள்ளைகள் வேறு தலைப்புத் தேடினால், தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதியைத் திறந்து பாருங்கள். ஹுல்ட்ஸ் பதிப்பித்து 1890இல் வந்தது. பெரும்பாலும் 1886–87இல் படியெடுத்தவை. மாமல்லபுரம், காஞ்சிபுரத்தோடு வட ஆற்காடு மாவட்டத்தின் பெயரும் தலைப்பிலேயே இருக்கிறது. இணையத்தில் இலவசம்.

அதில் விரிஞ்சிபுரம் கோயில் கல்வெட்டு ஒன்று. 1425ஆம் ஆண்டு, விஜயநகரத் தேவராயர் காலம். படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள் (கன்னடர், தமிழர், தெலுங்கர், குஜராத் பக்கத்து லாடர் என்று எல்லோரும்) கூடி, இனிமேல் பெண்ணைக் கன்னிகாதானமாகத்தான் கொடுப்போம், பொன் வாங்கிக்கொண்டு கொடுப்பவனும் பொன் கொடுத்து மணப்பவனும் அரச தண்டனைக்கு உரியவர் என்று ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறார்கள். வேலூரிலிருந்து பேருந்தில் போய்ச் சேரும் தூரத்தில் கல்லிலேயே இருக்கிறது. இணையத்தில் பாடத்தைப் படித்துவிட்டு நேரில் போய்ப் பாருங்கள். ஆங்கில மொழிபெயர்ப்போடு நிறுத்தாமல் மூலத்தையும் படிக்கப் பழகுங்கள்.

ஆம்பூர் வக்கீல்

அதே போல ஒன்று. பாலாறு, தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிச் செய்ய நினைக்கும் மாணவர்கள் செய்தித்தாள் கட்டுரையோடு நின்றுவிடுகிறார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று கொடுத்த தீர்ப்பு முழுவதும் இணையத்தில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற கணக்கை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். அது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு என்பதைத் தீர்ப்பைப் படித்தால்தான் தெரியும். தீர்ப்பு எதற்கு முதன்மை ஆதாரம் என்றால், நீதிமன்றம் என்ன சொன்னது என்பதற்கு. நிலம் எவ்வளவு பாழானது என்பதற்கு அந்த ஆய்வைத் தேடிப் போக வேண்டும். வாத்தியார் ஐயா சொன்ன அதே கணக்குதான்.

சத்துவாச்சாரி

ஏஐயிடம் கேட்டால் அடிக்குறிப்போடு கொடுக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாமா?

நூலக அக்கா

தம்பி, அப்படி வந்த கோப்பு எண்களோடு பிள்ளைகள் நூலகத்துக்கு வருகிறார்கள். தேடினால் அந்த எண்ணில் கோப்பே இருக்காது, அல்லது வேறு ஏதோ ஊரின் வரித் தகராறு இருக்கும். எழுத்துக்கூட்டல் வகைகளைக் கேட்பதற்கு வேண்டுமானால் பயன்படுத்து. ஸ்கேனை உன் கண்ணால் பார்க்காமல் ஒரு எண்ணையும் ஆய்வேட்டில் எழுதாதே.

உண்மையான கோப்பு எண் வேண்டுமானால் ஷோத்கங்கா இருக்கிறது. நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்கே இலவசம். வேலூர் பற்றி முன்பு முனைவர் பட்டம் வாங்கியவர் எழும்பூரில் உட்கார்ந்து எடுத்த குறிப்பெல்லாம் அவருடைய அடிக்குறிப்பில் இருக்கும். அவருடைய கருத்தை விடு, அடிக்குறிப்பைப் பிடி. அதில் வரும் துறைப் பெயர், தொகுதி எண், தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு அபிலேக் படலில் தேடு. அது தேசிய ஆவணக் காப்பகத்தின் தளம், பதிவு செய்துகொண்டால் போதும். சொல்லால் தேடிக் கிடைக்காதது துறையும் தேதியும் வைத்துத் தேடும்போது கிடைக்கும்.

பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களும் உனக்கு முக்கியம். 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மேல் நடந்த இணையத் தாக்குதலுக்குப் பிறகு பழைய இணைப்புகள் பல திறக்கவில்லை, அதனால் பழைய கட்டுரைகளில் இருக்கும் சுட்டியை நம்பாமல் ஆவண எண்ணைக் குறித்து வை.

காட்பாடி மாணவி

இதுவரை சேர்த்ததைப் பார்த்தால் பென்டிங்க், ஃபேன்கோர்ட் அம்மா, அப்புறம் டபிள்யூ. ஜே. வில்சன் எழுதிய சென்னைப் படை வரலாற்றின் மூன்றாம் தொகுதி. எல்லாமே வெள்ளைக்காரர்கள் எழுதியது. சுடப்பட்டுச் செத்த நம் சிப்பாய்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஒரு வரி கூட இல்லையா? எனக்கு அதுதான் வேண்டும், அதற்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

குடியாத்தம் வாத்தியார்

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்ததே, அதுவே பெரிய சந்தோஷம் அம்மா. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிப்பாய் கைப்பட எழுதிய நாட்குறிப்பு கிடைக்கும் என்று தேடாதீர்கள். சிப்பாயின் பெயர் எந்தெந்த இடத்தில் தாளில் ஏறும் என்று யோசியுங்கள். சம்பளம் கொடுக்கும்போது, தண்டனை கொடுக்கும்போது, விசாரிக்கும்போது, வெகுமதியோ பென்ஷனோ கொடுக்கும்போது. வேலூர் விஷயத்தில் இந்த எல்லாமே நடந்திருக்கிறது.

ஜூலைக்கு முன்பே, மே மாதம், வேலூரில் இருந்த 4ஆம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளம், படைத் தலைமை புதிதாகக் கொண்டுவந்த தலைப்பாகையைப் போட மறுத்தது. 21 பேரைப் பிடித்து ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். இரண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். மற்ற 19 பேருக்கு 500 கசையடி என்று தீர்ப்பாகி, மன்னிப்புக் கேட்டதால் விட்டார்கள். ராணுவ நீதிமன்றம் என்றால் குற்றச்சாட்டு உண்டு, பதில் உண்டு. அவர்கள் வாயிலிருந்து வந்தது அங்கே இருக்க வேண்டும்.

ஜூன் மாதம் முஸ்தபா பெக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிறது என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். யாரும் நம்பவில்லை. பிற்பாடு அவருக்கு வெகுமதி கொடுத்தார்கள். எச்சரித்தவருக்குப் பணம் கொடுக்க வேண்டுமானால் அவர் என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று எழுதியாக வேண்டும்.

புரட்சிக்குப் பின் விசாரணைக் குழு எடுத்த சாட்சியங்கள் இவற்றையெல்லாம்விட முக்கியம். அவற்றைப் படிக்கும்போது பதிலை மட்டும் படிக்காமல் கேள்வியையும் படியுங்கள். திப்புவின் மகன்கள் தூண்டினார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால், அரசுக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது என்று அர்த்தம். புதிய உத்தரவுகள் கைவைத்த தலைப்பாகை, கடுக்கன், நெற்றிக்குறி, தாடை மழிப்பு பற்றி, யாரும் கேட்காமலே சிப்பாய் தானாகச் சொல்லும் இடம் வந்தால் அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். அவர் தமிழிலோ இந்துஸ்தானியிலோ சொல்லியிருப்பார், நமக்குக் கிடைப்பது துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், வழியாக வந்த ஆங்கிலம். கழுத்துக்கு மேல் கத்தி தொங்கும்போது சொன்ன பேச்சு அது. இதையெல்லாம் ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிட்டுப் பிறகு மேற்கோள் காட்டுங்கள். அப்போதும் அது அவர்களுடைய பேச்சுத்தான் அம்மா, நமக்கு வேறு வழியில்லை, அதை விட்டுவிடவும் கூடாது.

வில்சன் புத்தகம் 1880களில் வந்தது. அவர் எழுதிய கதை இரண்டாம் நிலைச் சான்று. ஆனால் 1806 உத்தரவுகளை உள்ளே எடுத்துக்காட்டும் இடம் வரும். அந்த வரிகளை எடுக்கும்போது "வில்சன் எடுத்துக்காட்டியபடி" என்று சொல்லி எடுங்கள்.

கல்வெட்டுப் பித்தன்

இறந்தவர்கள் பக்கம் ஒன்று. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறை வாசகங்கள் 1905இல் வந்தது, இணையத்தில் உண்டு. வேலூர்க் கல்லறை வாசகங்கள் அதில் இருக்கின்றன. கோட்டையில் இருந்த ஆங்கிலப் படையான 69ஆம் படைப்பிரிவுக்காரர்களுக்குக் கல் நட்டார்கள். சிப்பாய்களுக்கு அப்படி ஒரு பட்டியல் அந்தப் புத்தகத்தில் கிடையாது. அந்த இல்லாமையையே உங்கள் ஆய்வில் ஒரு பத்தியாக எழுதலாம்.

காட்பாடி மாணவி

இதைப் படித்துவிட்டு மேடமிடம் பேசினேன். தலைப்பையே "விசாரணைச் சாட்சியங்களில் சிப்பாய்கள்" என்று குறுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஷோத்கங்காவில் ஒரு ஆய்வேட்டில் எழும்பூர் ரகசியத் துறைத் தொகுதிகளின் எண்கள் கிடைத்தன. அவை இணையத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு தடவையாவது நேரில் போக வேண்டும்.

நூலக அக்கா

தாராளமாகப் போ. இப்போது எண் கையில் இருப்பதால் அங்கே போய்த் தேடி அலைய வேண்டியதில்லை. துறைத் தலைவர் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம், கல்லூரி அடையாள அட்டை, ஆதார் நகல் எடுத்துக்கொள். கடிதத்தில் வெறுமனே வேலூர்ப் புரட்சி என்று போடாமல் எந்தத் துறை, எந்த ஆண்டுகள் என்று எழுதி வாங்கு. படமெடுக்க என்ன விதி என்று முதலிலேயே கேட்டுக்கொள். நோட்டில் ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே தொகுதி எண், தேதி, பக்கம் எழுதிவிட்டுத்தான் உள்ளே எழுத ஆரம்பிக்க வேண்டும். ஸ்கேனிலிருந்து எடுத்த குறிப்புகளுக்கும் இதே முறைதான், பிடிஎஃப் காட்டும் பக்க எண்ணை விட்டுவிட்டு அச்சில் இருக்கும் பக்க எண்ணை எழுது.

குடியாத்தம் வாத்தியார்

காலை ரயிலில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம் அம்மா. அதற்கு முன் பென்டிங்கின் விண்ணப்பத்தை முழுதாகப் படித்துவிடுங்கள். எந்தக் கடிதத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார் என்று தேதியோடு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போனால், அந்தக் கடிதங்களை எழும்பூரில் கேட்டு வாங்கி அவர் விட்டுவிட்ட வரிகள் எவை என்று பார்க்கலாம். சாட்சியங்களில் எழுத்து புரியாத இடம் வந்தால் படமெடுக்க அனுமதி வாங்கி இங்கே போடுங்கள், சேர்ந்து படிப்போம்.